கேஷும் காசும்: செவிவழிச் சொல்லாராய்ச்சிக்கு ஒரு மறுப்பு

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் என்றொரு பட்டியல் நெடுங்காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் அது கல்லூரி ஆண்டு மலர்களில் வந்தது. பிறகு மின்னஞ்சலில் வந்தது. இப்போது வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. பட்டிமன்ற மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அந்தப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் தவறாமல் இடம்பெறும் சொல் 'கேஷ்'. நம்முடைய காசுதான் ஆங்கிலேயன் வாயில் கேஷ் ஆயிற்றாம். பணம் என்றால் என்னவென்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தானாம்.

இது தவறு. முழுத் தவறு என்று சொல்லிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் இது பாதித் தவறு. அதனால்தான் இவ்வளவு நீண்ட ஆயுளோடு இருக்கிறது. அந்தப் பாதி உண்மை எது, பாதிப் பொய் எது என்று பிரித்துக் காட்டுவதும், பொய்யைப் பிடித்துக்கொண்டு நாம் கைநழுவவிடும் உண்மை எவ்வளவு பெரியது என்று சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம். தமிழின் மேல் பற்றில்லாதவன் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்தே சோறு உண்பவன் நான்.

*

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம்.

இன்று ஆங்கிலத்தில் கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல்லின் மூதாதை ஒரு பெட்டி. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. உரோமர்கள் ஏட்டுச் சுருள்களை வைத்துக்கொள்ளும் வட்டப் பெட்டிக்கும் அதுவே பெயர். அச்சொல் இத்தாலியில் கஸ்ஸா ஆயிற்று; பிரெஞ்சில் கெஸ் ஆயிற்று; போர்த்துக்கீசியத்தில் கைஷா ஆயிற்று. எல்லாவற்றுக்கும் பொருள் பெட்டிதான். வணிகன் பணம் போட்டு வைக்கும் பெட்டியும் அதில் அடக்கம். ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல் வந்தபோதும் முதலில் பணப்பெட்டியையே குறித்தது. 1598இல் இலண்டனில் வெளியான ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதியில், கஸ்ஸா என்பதற்கு வணிகனின் கேஷ் என்று விளக்கம் இருக்கிறது. அங்கே கேஷ் என்பது வணிகனுடைய பெட்டி. நாளடைவில் பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஏறியது, பெட்டி மறைந்தது, பணம் நின்றது. 1755இல் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனும் பெட்டி என்ற பிரெஞ்சுச் சொல்லையே மூலமாகக் காட்டி, பெட்டியிலுள்ள பணம் என்று பொருள் எழுதுகிறார்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்கக்கூடாது. ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தார்கள் என்று பொருள். இடத்தின் பெயர் இடத்திலுள்ளதற்கு ஆகி வந்தால் அது இடவாகுபெயர். ஆங்கிலக் கேஷ் ஓர் இடவாகுபெயர், அவ்வளவே. நம் கடைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. 'இன்றைக்குக் கல்லா எவ்வளவு?' என்று கடைக்காரரிடம் கேட்கிறோம். யாரும் பெட்டியின் நீள அகலத்தைக் கேட்பதில்லை. கல்லா என்பது உருது வழியாக வந்த சொல், பெட்டியைக் குறிப்பது. அதுவும் பணத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பணத்தைப் பெட்டியின் பெயரால் அழைப்பது வணிகம் செய்யும் மாந்தர் எல்லோருக்கும் பொதுவான பழக்கம்.

இந்தக் காப்சாவின் வழித்தோன்றல்கள் வேறு பலவும் நம் வீட்டில் உண்டு. மருந்துக்கடையில் வாங்கும் கேப்சூல், ஒரு காலத்தில் இளையராஜா பாட்டைப் பதிந்து வாங்கிய கேசட், 'ஒரு கேஸ் சோடா' என்கிறோமே அந்தக் கேஸ், எல்லாம் ஒரு தாய் மக்கள், எல்லாம் பெட்டிகள். ஆனால் கோர்ட்டில் நடக்கும் கேஸ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது லத்தீனில் 'விழுதல், நேர்தல்' என்ற பொருளுடைய வேறொரு சொல்லின் வழி வந்தது. சமையலறையில் எரியும் கேஸ் மூன்றாவது வீடு. அதை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் கிரேக்கச் சொல்லொன்றை மனத்தில் கொண்டு உண்டாக்கினார். தமிழன் வாயில் மூன்றும் கேஸ்தான். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு உண்டு என்று முடிவு கட்டினால், சோடாப் பெட்டியையும் கோர்ட் வழக்கையும் அடுப்பையும் ஒரே குலத்தில் சேர்க்க வேண்டிவரும்.

கேஷுக்கும் இப்படிப் போலிச் சொந்தங்கள் நிறைய. பணம் வாங்கும் கேஷியர் பெட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் ஆங்கிலத்தில் ஓர் இராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பணிநீக்கம் செய்வதற்கும் அதே எழுத்துக்கூட்டலில் ஒரு வினைச்சொல் உண்டு. அது 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் போர்களுக்குச் சென்ற ஆங்கிலச் சிப்பாய்கள் டச்சு மொழியிலிருந்து எடுத்து வந்தது. செல்லாததாக்குதல் என்பது அதன் பொருள். பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணினித் துறை மாணவர்கள் சொல்லும் 'கேஷ்' நினைவகம், ஒளித்து வைத்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. முந்திரிப்பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிரேசில் நாட்டுத் தூப்பி மக்களின் மொழியிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் புறப்பட்டது. மலையாளத்தில் அந்த மரத்தைக் கசுமாவு என்றும் பறங்கிமாவு என்றும் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்குவதால் கசுமாவு என்று யாராவது மேடையில் சொல்வதற்கு முன் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

*

இனி நம் காசு.

ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. ஆக்ஸ்போர்டு பேரகராதி அதைத் தனித் தலைச்சொல்லாக, தனி எண் இட்டு, தனி வரலாறு கூறிப் பதிவு செய்திருக்கிறது. இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் சீனத்திலும் வழங்கிய சிறு மதிப்புடைய நாணயம் என்பது அதன் பொருள். அதன் மூலமாக அகராதி காட்டும் சொற்களில் ஒன்று தமிழ்க் காசு. அது போர்த்துக்கீசியர் வாயில் கைஷா ஆகி, ஆங்கிலேயரிடம் கேஷ் ஆயிற்று. 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியும் இதை விரிவாகப் பேசுகிறது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நம் மொழிகளை அறிந்தவர்.

இங்கே ஒரு சுவையான தற்செயல். ஃப்ளோரியோவின் அகராதி வெளியான அதே 1598இல், அதே இலண்டனில், லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் கீழை நாட்டுப் பயண நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. ஜாவாத் தீவில் நடுவில் துளையிட்ட சிறு செப்புக் காசுகளைச் சரமாகக் கோத்து எண்ணுவதை அது விவரிக்கிறது. அவற்றுக்கு அது சொல்லும் பெயர் கைஷா. ஆக, ஒரே ஆண்டில், ஒரே நகரத்தின் அச்சகங்களிலிருந்து, ஒன்று வணிகனின் பெட்டியாகவும் மற்றொன்று கீழை நாட்டுச் சில்லறையாகவும், இரண்டு சொற்கள் வெளியே வருகின்றன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்றதோ 1600 டிசம்பர் 31இல். சென்னையில் அவர்கள் கோட்டைக்கு இடம் பெற்றது 1639இல். கம்பெனிக்காரன் நம் கடற்கரையில் கால் வைப்பதற்கு முன்பே அவனுடைய பெட்டிக் கேஷ் அவன் அகராதியில் இருந்தது.

பிறகு என்ன நடந்தது? போர்த்துக்கீசியன் காதில் காசு என்று விழுந்த சொல், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த கைஷாவின் எழுத்துக்கூட்டலில் போய் அமர்ந்தது. ஆங்கிலேயன் காதில் விழுந்தபோது அவனுடைய கேஷின் மேல் அமர்ந்தது. அயல்சொல்லைத் தெரிந்த சொல்லின் சாயலில் கேட்பது மனித இயல்பு. நாமும் அப்படித்தான் கேட்கிறோம். கேஷ் என்று காதில் விழுந்தவுடன் காசு என்று எண்ணுகிறோம். போர்த்துக்கீசிய மாலுமி 16ஆம் நூற்றாண்டில் செய்த அதே செவிப்பிழையை 21ஆம் நூற்றாண்டில் நாம் திருப்பிச் செய்கிறோம். அவன் அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதே வேறுபாடு.

*

இனி எதிர்த்தரப்பின் வாதங்கள். அவற்றை வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: 'ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. வேறென்ன சான்று வேண்டும்?' ஒலியும் பொருளும் இன்று ஒன்றாக இருப்பது சான்றாகாது. தொடக்கத்தில் என்ன ஒலி, என்ன பொருள் என்பதே கேள்வி. ஆங்கிலக் கேஷின் தொடக்கப் பொருள் பெட்டி. தமிழ்க் காசு எக்காலத்திலும் பெட்டியாக இருந்ததில்லை. ஏழு நாள் கொண்ட வாரம் வேறு, நிலத்தை வாரத்துக்கு விடுவது வேறு என்பதை எங்கள் பகுதி உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு: 'ஐரோப்பிய அகராதிக்காரர்கள் தமிழை மறைக்கிறார்கள்.' மறைப்பவர்கள் கட்டுமரத்தை ஏன் மறைக்கவில்லை? கறியை, சுருட்டை, மிளகுத்தண்ணீரை ஏன் மறைக்கவில்லை? இவற்றுக்கெல்லாம் தமிழே மூலம் என்று அதே அகராதிகள் அச்சிட்டிருக்கின்றன. இரண்டாவது கேஷுக்கும் தமிழைச் சொல்லியிருக்கின்றன. நமக்குச் சாதகமான பக்கத்தில் அகராதி நேர்மையானது, பாதகமான பக்கத்தில் சதி செய்கிறது என்று வாதிடுவது வழக்காடுபவன் வேலை, ஆராய்பவன் வேலையன்று.

மூன்று: 'லத்தீன் காப்சாவே தமிழிலிருந்து போயிருக்கலாமே? முசிறியில் யவனர் வந்து மிளகு வாங்கவில்லையா?' வாங்கினர். அவர்கள் கொண்டுவந்த பொற்காசுகள் கொங்கு நாட்டு மண்ணில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் காப்சா லத்தீனில் தனித்து நிற்கும் சொல்லன்று. பிடித்தல், கொள்ளுதல் என்ற பொருளுடைய வினையோடு உறவு கொண்டு, தன் சொந்த மொழியிலேயே வேர்விட்டு நிற்கிறது. 'இருக்கலாமே' என்பது கேள்வியைத் தொடங்கத் தகுந்த சொல். முடிக்கத் தகுந்த சொல் அன்று.

நான்கு: 'சரி, தவறாகவே இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு மொழிப்பற்று வளர்கிறதே, இதனால் என்ன கெட்டுப்போயிற்று?' இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் வாதம். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

*

கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடும்பங்கள். 'தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்ற கேள்வியை உறவுக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டுச் சலித்துத்தான் வகுப்புக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பெருமிதம் தேவைப்படுகிறது. வாட்ஸப் பட்டியல் அதை இலவசமாகக் கொடுக்கிறது.

சில பருவங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் கருத்தரங்கக் கட்டுரையில் இந்தப் பட்டியலை அப்படியே எழுதியிருந்தார். கேஷ் பற்றிய பகுதியில் நிறுத்தி, மேலே சொன்னவற்றை எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் கேட்டார்: 'அப்படின்னா மத்ததெல்லாமும் பொய்யா ஐயா? கட்டுமரமும் நம்முது இல்லையா?'

பொய்யான பெருமிதம் செய்யும் கேடு இதுதான். அது மெய்யான சொத்தின் பத்திரத்தோடு போலிப் பத்திரத்தைச் சேர்த்துக் கட்டிவைக்கிறது. நாளை ஒரு நேர்காணலில் அந்தப் பெண் கேஷ் பற்றிச் சொல்லி, எதிரே இருப்பவர் ஓர் அகராதியை எடுத்துப் பிரித்துக் காட்டினால், கட்டுமரமும் சேர்ந்து மூழ்கும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒரு சொல்லை எப்படி ஆராய்வது என்று கற்றிருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளில் எப்படிக் கைதட்டுவது என்று மட்டும் கற்றுக்கொண்டு போவது. பணக்கார வீட்டுப் பிள்ளை தவறாகக் கற்றதைப் பின்னால் திருத்திக்கொள்ள ஆயிரம் வழி உண்டு. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றுதான் வழி. அங்கேயும் நாம் மேடைப்பேச்சை ஊட்டினால் அது துரோகம்.

தமிழ் தனிக்குடும்பத்து மொழி என்பதை நிலைநாட்டியதே இந்தச் செவிவழி முறையைக் கைவிட்டதால்தான். 1816இல் சென்னையில் எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டார். 1856இல் கால்டுவெல் இலக்கண அமைப்புகளையே எடுத்து ஒப்பிட்டு முழுநூல் எழுதினார். 'இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கிறது' என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நின்றிருந்தால், எல்லாம் வடமொழியிலிருந்து வந்தது என்ற வாதத்தை வென்றிருக்கவே முடியாது. ஏனெனில் செவிவழி முறையில் பார்த்தால் அந்த வாதக்காரர்களிடம்தான் பட்டியல் நீளமாக இருந்தது. நம்மைக் காப்பாற்றிய கருவியையே நாம் எள்ளி நகையாடுகிறோம்.

*

மறுபக்கத்துக்காரர்களையும் விடுவதற்கில்லை. கேஷ் தமிழில்லை என்று சொன்னதும் உற்சாகமாகிவிடும் ஒரு கூட்டம் உண்டு. 'காசே தமிழில்லை ஐயா, அது வடமொழிக் கர்ஷம்' என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு எளிதில் முடியக்கூடிய வழக்கு அன்று இது.

கர்ஷம் என்பது பொன், வெள்ளி நிறுக்கும் எடை. பலத்தில் கால் பங்கு. காசு அதிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆனால் தமிழில் கால் பல எடைக்கு வேறொரு பழஞ்சொல் இருக்கிறது: கஃசு. உழவு அதிகாரத்தின் 1037ஆம் குறளில் ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் வருவது அச்சொல்தான். கர்ஷத்தின் எடையும் கஃசின் எடையும் அப்படியே பொருந்துகின்றன. அப்படியானால் காசு? ஒரே சொல் இரு வடிவில் தமிழுக்கு வந்திருக்கலாம். அல்லது காசு தனிச்சொல்லாகவும் இருந்திருக்கலாம். பின்னதற்கும் இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி காசுக்கு மணி, மேகலை, பொன் என்ற பொருள்களையும் தருகிறது. குறுந்தொகை 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருப்பதற்கு, புது நூல் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசை உவமை சொல்கிறார். அந்தக் காசு எடைக்கல்லாக இல்லை, கடைத்தெருச் சில்லறையாகவும் இல்லை. கோத்து அணியும் பொன். இன்றும் காசுமாலை என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் நம் கழுத்தில் தொங்குகிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு மொழிகளிலும் இச்சொல் வழங்குகிறது. வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கைத் தீர்ந்ததாகச் சொல்வது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே குற்றம்தான். ஒரு வேடிக்கை: தமிழில் குற்றம் என்பதற்கும் காசு என்றொரு சொல் உண்டு.

*

இப்போது நாம் இழந்துகொண்டிருக்கும் உண்மைக்கு வருகிறேன். 'கேஷைக் கொடுத்தோம்' என்ற ஒரு வரிப் பெருமிதத்துக்குள் புதைந்துபோனது காசின் வரலாறு. அது ஆயிரம் மடங்கு பெரிது.

தேவாரக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு தந்ததாகப் பெரியபுராணம் கூறும். சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வாசி கேட்டார்கள். அதாவது மாற்றுக் குறைவென்று வட்டம் பிடித்தார்கள். இறைவன் கொடுத்த நாணயத்தையே உரசிப் பார்த்து மதிப்புச் சொல்லும் வணிகர்கள் இருந்த நாடு இது. சொல்லை உரசிப் பார்க்க மட்டும் நமக்கு என்ன கூச்சம்?

முதலாம் இராசராசன் காலத்தில் காசு ஏறக்குறைய அரைக் கழஞ்சுப் பொன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்து வைத்த காசும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பலிசையும் கணக்காக எழுதப்பட்டிருக்கின்றன. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. அங்கே காசு என்பது ஊர் நிலத்தையும் கோயில் விளக்கையும் தாங்கி நின்ற பொன்.

அதே சொல் கம்பெனியார் காலத்தில் எங்கே வந்து நிற்கிறது? மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. பொன் வராகன் மேலே. செப்புக் காசு அடியிலும் அடி. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அங்கும் கடைசிப் படி காசுதான். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே செஞ்சி வழியாகப் போனால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரர்களும் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதிக்கொண்டு சில்லறை எண்ணினார்கள். ஒரு சொல் பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கிய கதை இது. சோழர் காலத்தில் சபைகள் வட்டிக்கு வாங்கிய காசு, கம்பெனி காலத்தில் கூலிக்காரன் முந்தானையில் முடிந்துகொண்ட காசாகிறது. ஆங்கிலேயன் தன் அகராதியில் எழுதிக்கொண்ட இரண்டாவது கேஷ் இந்த இறங்கிப்போன காசு. 1818இல் வெள்ளி ரூபாயை நிலையான நாணயமாக்கியதோடு மதராஸில் அதன் கணக்கும் முடிந்தது.

இந்த வரலாற்றுக்கு ஒரு கண்கூடான சான்று இங்கிலாந்துக் கடலடியில் கிடந்தது. 1808இல் கம்பெனி பத்து காசு, இருபது காசு செப்பு நாணயங்களைச் சென்னைக்காகப் பர்மிங்காம் நகரில் அடித்தது. அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைப் பேரளவில் மேலே எடுத்தார்கள். இன்று நாணயம் சேர்ப்பவர்கள் அவற்றை எளிதாக வாங்கலாம். இருபது காசு நாணயத்தின் ஒரு பக்கம் கம்பெனியின் முத்திரையும் லத்தீன் வாசகமும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் இருபது காசு நான்கு பலூசுக்குச் சமம் என்ற வாசகம். அதன் கீழே ஆங்கிலத்தில் 'இருபது கேஷ்'. பாரசீகத்தில் 'காஸ்' என்றும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றும் அதில் இருப்பது நம் சொல். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

பட்டியல்காரர்கள் இந்த நாணயத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. ஏனெனில் இதில் கைதட்டல் இல்லை. சொல்லைக் கொடுத்தவன் பொருளை இழந்த கதைதான் இருக்கிறது.

பட்டியலின் மற்ற சொற்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கூலி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனதில் தமிழுக்குப் பங்குண்டு. குஜராத்தின் கோலி இனப் பெயரை மூலமாகக் காட்டுவாரும் உண்டு. நமக்கு அது உழைப்பின் ஊதியம். கடல் கடந்தபோது அது உழைப்பவனையே குறிக்கும் வசையாயிற்று. தென்னாப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் நம்மவர் அச்சொல்லால் அடி வாங்கினார்கள். இன்னொரு சொல் பறை அடித்த மக்களின் சாதிப்பெயர். அது போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகள் அனைத்திலும் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச்சொல்லாகிவிட்டது. யூதர்களின் நிலையை விளக்க மாக்ஸ் வேபரும் ஹன்னா அரெண்டும் அதைக் கையாளும் அளவுக்கு அது உலகறிந்த சொல். நம் பட்டியல்கள் கூச்சமே இல்லாமல் அதையும் 'தமிழின் கொடை' என்று எண்ணிக்கையில் சேர்க்கின்றன. எதைக் கொடையாகக் கொடுத்தோம்? ஒரு மக்கள்கூட்டத்தை நாம் நடத்திய விதத்தையே உலகத்துக்கு உவமையாகக் கொடுத்தோம். அதைப் பெருமையாக எண்ணுபவர் அச்சொல்லின் பொருளை அறியாதவர். அல்லது அறிந்தும் உறுத்தல் இல்லாதவர்.

சொல் மட்டும் தனியே பயணம் செய்வதில்லை. அதைச் சுமந்தவனும், சுமக்க வைத்தவனும், அதனால் இலாபம் பார்த்தவனும் உடன் செல்கிறார்கள். சொல்லாராய்ச்சி என்பது இவர்கள் எல்லோரையும் கண்டுபிடிக்கும் வேலை.

*

ஆகவே என் வேண்டுகோள் ஆசிரிய நண்பர்களுக்கு. ஒரு சொல் தமிழிலிருந்து போனது என்று மாணவர் எழுதினால் உடனே மதிப்பெண் போடாதீர்கள். உடனே அடித்தும் விடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். அச்சொல் அந்த மொழியில் முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் வருகிறது? அப்போது அதன் பொருள் என்ன? யார், எந்த வழியாகக் கொண்டு போனார்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது நம் சொத்து. யார் வந்து வழக்காடினாலும் நிற்கும். கட்டுமரம் நிற்கும். சுருட்டு நிற்கும். சில்லறைக் கேஷும் நிற்கும். பெட்டிக் கேஷ் நிற்காது. அது போகட்டும், நம்முடையதாக என்றுமே இருந்ததில்லை.

யாப்பிலக்கணத்தில் வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடுகள் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடம் நடத்தும் நாளில் காசு என்ற சொல்லை வைத்துக்கொண்டு கூடுதலாகப் பத்து நிமிடம் பேசலாம். வேப்பம்பழம் கவ்விய கிளி, வாசி கேட்ட வணிகன், தஞ்சைக் கல்வெட்டு, பர்மிங்காம் செம்பு, கடலடிக் கப்பல் என்று ஒரே சொல்லுக்குள் ஈராயிரம் ஆண்டு அடங்கும். இதைக் கேட்ட மாணவனுக்கு ஆங்கிலேயனின் பெட்டியைத் திறந்து பெருமை தேட வேண்டிய தேவை இருக்காது.